டூப்ளிகேட் என்று நான் சொன்ன பெல்ட்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். சாதித்ததை எழுதுங்கள் என்று வேறு சொன்னார்கள். முப்பத்தாறு வருடங்களில் ஓடாத வண்டிகள் பலவற்றை ஓட வைத்திருக்கிறேன். அவற்றை எழுதினால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவைத்தேன். அதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. ஆட்டோமொபைலில் டிப்ளமா படித்தவன். விழுப்புரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்து, ஒர்க்ஸ் மேனேஜராக ஓய்வு பெற்றேன். வீடு திண்டிவனத்தில். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்க மறுத்ததால், தெரிந்தவர்களின் வண்டிகளை மட்டும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொடுத்தேன்.

ஒர்க்‌ஷாப் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் கருவிகளில் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலை அட்டை உண்டு. வேலை பார்த்தவன் ஒருவன், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவன் இன்னொருவன். நான் சேர்ந்த புதிதில் இருந்த ஃபோர்மேன், தன் கையால் ஏதாவது தப்பு நடந்தால் அந்த அட்டையில் சிவப்பு மையால் ‘என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். நாங்கள் பின்னால் போய்ச் சிரிப்போம். நான் மேனேஜர் ஆனபோது அப்படி எழுதும் வழக்கத்தை மெல்ல விட்டுவிட்டேன். கஸ்டமர் பார்த்தால் நன்றாக இராது என்பது என் எண்ணம். வீட்டு வேலையில் அட்டையே கிடையாது. சரிபார்ப்பவனும் கிடையாது. சுற்றி நின்று பார்ப்பவர்கள் மட்டும் நிறைய இருப்பார்கள்.

கோலியனூர் பக்கத்தில் ஏழுமலை என்று ஒரு விவசாயி. நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிறவர். அவரிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. அதன் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் விட அவருக்கு மனம் இல்லை. “நீங்க வூட்டாண்ட வந்து செய்ங்க சார். என் கண்ணு முன்னாடி நடக்கணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னேன்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி. இன்ஜினின் கீழ்ப்பாதியில் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேல்பாதியில் வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் முறைவைத்துப் போய்வர, பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த பெல்ட் சில பல் வழுக்கினால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அப்புறம் இன்ஜினின் தலையையே கழற்ற வேண்டும்.

புது பெல்ட்டை வாங்கி வந்தவர் ஏழுமலையின் மாப்பிள்ளை. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். கல்யாணமாகி மூன்று வருடம். பாண்டிச்சேரிக்குப் போய், பெட்டி, பில், ஒட்டியிருந்த பளபள ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கியிருந்தார். பெட்டியில் இருந்த குறியீட்டைப் போனில் ஸ்கேன் பண்ணிக் கம்பெனி சரக்குதான் என்று உறுதி செய்ததாகவும் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன எரிச்சல். நான் பெல்ட்டை வளைத்துப் பார்த்தே சொல்வேன், இவர் போனை வைத்துச் சொல்கிறாரே என்று. வளைத்தும் பார்த்தேன். நல்ல பெல்ட்.

வேலை ஒழுங்காகத்தான் போனது. மதியம் சாப்பிட்ட பிறகு மூன்றரை மணிக்குப் புது பெல்ட்டை மாட்டினேன். பல்சக்கரங்களில் இருக்கும் குறிகள் எல்லாம் நேருக்கு நேர் நின்றன. இனி செய்ய வேண்டியது இரண்டே காரியம். இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று பார்ப்பது. அதன் பிறகு பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையின் நட்டை முறுக்குவது. சுற்றி முடிக்கும்வரை அந்த நட்டு தளர்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் பெல்ட் தன் இழுவையைத் தானே எடுத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

அந்த நேரத்தில்தான் ஏழுமலையின் மனைவி அலமேலு அம்மாள் தாம்பாளத்துடன் வாசலுக்கு வந்தார். தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம்.

“அண்ணே, நாலரைக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு அடியாச்சும் நவுத்திடணும். நாளைக்கு அஷ்டமி, நாளன்னிக்கு நவமி. இன்னிக்கு வுட்டா புதங்கெழமதான்.”

“ஆயிடும்மா” என்றேன்.

ஏழுமலையின் அண்ணன் கோதண்டம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நேரம் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் எதையும் கேலி செய்யும் உரிமை அவருக்கு உண்டு. “மூணு நாப்பது! சார், ஜல்தி!” என்றார். இரண்டு நிமிடம் கழித்து, “மூணு நாப்பத்திரெண்டு!” என்றார். ரயில்வே ஸ்டேஷனில்கூட அவ்வளவு ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், ரெண்டு சுத்து கையால சுத்திப் பாக்கச் சொல்றான் சார்.”

“யாரு சொல்றான்?”

“வீடியோவுல சார்.”

“அவன் வந்து மாட்டித் தருவானா?”

கோதண்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. “அப்டிக் கேளு சார்! எங்க மாப்ள எதுக்கெடுத்தாலும் போனத் தடவிக்கினே இருப்பாரு. சோறு வெந்துச்சான்னுகூட அதுல பாத்துதான் சொல்லுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தபடி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை நானே அந்த இரண்டு சுற்றையும் சுற்றியிருப்பேன். அவர் சொன்ன பிறகு சுற்றினால், அவர் சொல்லித்தான் சுற்றினேன் என்று ஆகிவிடும். கவரை எடுத்து மூடினேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

புல்லி, கவர், சக்கரம் எல்லாம் மாட்டி வண்டியை இறக்கியபோது மணி நாலு இருபது. நான் ஸ்பானரைக் கீழே வைக்கும் முன்பே அம்மாள் கற்பூரம் ஏற்றிவிட்டார். அது அணைந்து, மறுபடி ஏற்றி, மறுபடி அணைந்தது. மூன்றாவது கற்பூரம் எரியும்போது ஏழுமலை ஸ்டியரிங் முன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. அழகான சத்தம். கோதண்டம் தேங்காயை உடைத்தார். அம்மாள் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எடுங்க” என்றேன்.

ஏழுமலை ஆக்சிலேட்டரை மிதித்தார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நான்கு எலுமிச்சம்பழங்களும் முழுசாக இருந்தன.

ஏழுமலை இறங்கி வந்தார். “இன்னா சார் ஆச்சு?”

பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். தம்பிகளே, நம் தொழிலில் எல்லோரும் நம் முகத்தைப் பார்க்கும் அந்த அரை நிமிடம் எல்லோருக்கும் வரும். ‘திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று என் வாயில் அது வரவில்லை.

“பெல்ட்டு டூப்ளிகேட்டா இருக்கும்” என்றேன்.

“பில்லு இருக்குதே சார்... ஸ்டிக்கரு...” என்றார் மாப்பிள்ளை.

“ஸ்டிக்கரே டூப்ளிகேட் அடிக்கிறானுங்க மாப்ள, நீங்க எந்த ஒலகத்துல இருக்கீங்க?” என்றார் கோதண்டம்.

நான் ‘இருக்கும்’ என்றுதான் சொன்னேன். வாசலில் நின்றவர்கள் வீட்டுக்குள் போவதற்குள் அது ‘டூப்ளிகேட்தான்’ என்று ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை.

மறுநாள் வண்டியைப் பிரித்தேன். ஏழுமலை கழனிக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டார். கவரைக் கழற்றி உள்ளே கையை விட்டேன். உருளையின் நட்டு இரண்டு விரலாலேயே சுழன்றது. நான் முறுக்கவே இல்லை. இரண்டு சுற்றைத் தவிர்த்தபோது, அதற்கடுத்து வரும் முறுக்கலும் கூடவே போய்விட்டது. பெல்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு பல்கூட உடையவில்லை.

அந்த நேரம் அலமேலு அம்மாள் கேப்பைக் கூழ் கொண்டுவந்தார். கூடவே மோர்மிளகாய்.

“பாவம்ணே நீங்க. மாப்ள வாங்கியாந்த கர்மத்தால ஒரே வேலைய ரெண்டு தபா செய்றீங்க.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. வீட்டில் வேறு ஆள் இல்லை. எதிரில் நின்றவர் கோபக்காரர் இல்லை. நான் கூழைக் குடித்தேன். “உப்பு சரியா இருக்கும்மா” என்றேன்.

முதல் நாள் சொன்னது அவசரம். அதைக்கூட மன்னித்துவிடலாம், எனக்கே அப்போது விஷயம் தெரியாது. மறுநாள் சொல்லாமல் விட்டது பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவு முழுவதும் இருந்தது.

வளைந்த வால்வுகளை மாற்றி, இன்ஜின் தலையைச் சரிசெய்து, வேறு பெல்ட்டும் வேறு உருளையும் போட்டு நான்கு நாளில் வண்டியைக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். குற்ற உணர்ச்சிதான் காரணம். அது என்னவாக முடிந்தது தெரியுமா? கோலியனூர் முழுக்க என் புகழ் பரவியது. “மாப்ள பண்ண தப்புக்கு அந்த மனுஷன் கூலிகூட வாங்கல” என்று. தான் வாங்கி வந்த பெல்ட்டைக் கடையில் காட்டிச் சண்டை போட வேண்டும், கொடுங்கள் என்று மாப்பிள்ளை போன் செய்தார். வெட்டிப் போட்டுவிட்டேன் என்றேன். அது என் வீட்டு அலமாரியில் இருந்தது. “வெட்டிட்டீங்களா? சரி சார்” என்று போனை வைத்தார்.

அவருக்கு அந்த வீட்டில் ஒரு பட்டப்பெயர் வந்தது. ‘டூப்ளிகேட் மாப்ள.’ வைத்தவர் கோதண்டம் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் அது சும்மா சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஏழுமலையிடமிருந்து எனக்கு அடிக்கடி போன் வரத் தொடங்கியது. போர்வெல்லுக்கு மோட்டார் எது வாங்கலாம்? வீட்டுக்கு இன்வெர்ட்டர் எது நல்லது? “மாப்ள ஒண்ணு சொல்றாரு சார். ஆனா அவரு சொல்றத வெச்சு வாங்க முடியுமா? நீங்க சொல்லுங்க.” ஒவ்வொரு முறையும் நான் மாப்பிள்ளை சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வேன். ஏனென்றால் அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. ஏழுமலை என்னிடம் கேட்டு வாங்கியதாகத்தான் ஊரில் சொல்வார்.

மாப்பிள்ளையும் நானும் ஒரே ஊர். காய்கறி மார்க்கெட்டில் எதிரில் வந்தால், “வணக்கம் சார்” என்பார். குரலில் ஒரு குறையும் இருக்காது. அவரைத் தூரத்தில் கண்டால் நான் கருவாட்டுக் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். எங்கள் வீட்டில் நாங்கள் கருவாடு சாப்பிடுவதில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் குழந்தைக்கு மயிலம் முருகன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். சாப்பாடு கூட்டேரிப்பட்டில் ஒரு மண்டபத்தில். ஏழுமலை என் வீட்டுக்கே வந்து தாம்பாளம் வைத்து அழைத்தார். போகாமல் இருக்க முடியவில்லை. பந்தியில் என்னை மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். எனக்கு மரியாதையாம்.

பாயசம் வந்தது. ஏழுமலையின் மகள் வாளியை வைத்துக்கொண்டு தன் கையாலேயே பரிமாறிக்கொண்டு வந்தாள். எதிர் வரிசையிலிருந்து கோதண்டம் குரல் கொடுத்தார். “டூப்ளிகேட் மாப்ள! பாயசத்துல போட்டிருக்கிறது ஒரிஜினல் முந்திரியான்னு ஸ்கேன் பண்ணிட்டுச் சாப்புடுங்க!”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் வெட்கமானது அந்தச் சிரிப்புதான். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை.

அந்தப் பெண் வாளியை இலை வரிசைகளுக்கு நடுவில் வைத்தாள். “பெரியப்பா, இன்னிக்கு ஒரு நாளாச்சும் வுட்டுடுங்க. அவரு புள்ளைக்குக் காது குத்து இது.”

அவள் கத்தவில்லை. கேட்டுக்கொண்டாள். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் விசேஷத்தில், தனக்காகத் தன் மனைவி கெஞ்சுவதைக் கேட்டபடி இலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன். கையில் பாயசம் ஒட்டியிருந்தது.

“அந்த பெல்ட்டு நல்ல பெல்ட்டு. தப்பு என்னுது. ஒரு நட்டை நான் முறுக்கல. அதனாலதான் வண்டி நின்னுச்சு” என்றேன்.

ஏழுமலை எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “சார், உங்க மனசு யாருக்கு வரும்? எங்க மாப்ளய வுட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு பழிய நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க.”

“இல்லைங்க, நெஜமாவே...”

“போதும் சார். உக்காருங்க. சாருக்கு இன்னொரு கரண்டி பாயசம் வைம்மா!”

மறுபக்கத்து இலைக்காரர் என் கையைக் குலுக்கினார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்றார். நான் உட்கார்ந்தேன். எட்டு மாதம் வாய் திறக்காமலேயே ஒரு பொய்யை நம்ப வைத்த என்னால், உண்மையைச் சொல்லி ஒருவரைக்கூட நம்ப வைக்க முடியவில்லை. என் பேர் அந்த அளவுக்கு நன்றாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாயசத்தைக் குடித்துவிட்டு இலையை மூடினார்.

வாயால் சொன்னது ஆகவில்லை என்றால் கையால் சொல்ல வேண்டியதுதான் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பழைய சாமான் கடையில் இரண்டு பல்சக்கரங்கள் வாங்கினேன். மூன்றடிப் பலகையில் ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் பொருத்தினேன். வண்டியிலிருந்து கழற்றிய அதே உருளையையும் அதே நட்டையும் நடுவில் வைத்தேன். அலமாரியிலிருந்த பெல்ட்டை எடுத்து மாட்டினேன். மேல் சக்கரம் கொஞ்சம் கனமாகச் சுழலும்படி ஒரு ஸ்பிரிங்கும், கீழ்ச் சக்கரத்துக்கு ஒரு கைப்பிடியும் வைத்தேன்.

மறு ஞாயிறு அதை ஒரு பழைய லுங்கியில் சுற்றி, திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர், “பெரியவரே, இன்னா அது? லக்கேஜ் போடணும்” என்றார். “என் தப்புப்பா” என்றேன். “அதுக்கும் லக்கேஜ் உண்டு” என்று டிக்கெட் கிழித்தார். விழுப்புரத்தில் மாறி, கோலியனூர் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளையையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் மனைவியோடும் குழந்தையோடும் வந்திருந்தார்.

பலகையை வாசலில் வைத்தேன். “கொழந்தைக்கு வெளையாட்டுச் சாமானா சார்?” என்றார் கோதண்டம்.

“உங்களுக்குத்தான். சுத்துங்க” என்றேன்.

முதலில் நட்டை இறுக்கி வைத்தேன். கோதண்டம் கைப்பிடியைப் பிடித்து வேகமாகச் சுற்றினார். மேல் சக்கரமும் கூடவே சுற்றியது. எத்தனை வேகமாகச் சுற்றினாலும் பெல்ட் பல் தாண்டவில்லை. பிறகு நட்டை இரண்டு விரலால் தளர்த்தினேன். “இப்ப சுத்துங்க.” மெதுவாகச் சுற்றினார், ஒன்றும் ஆகவில்லை. “வேகமா.” வேகமாக இழுத்தார். ‘டக்’கென்று பெல்ட் பல் தாண்டியது. மேல் சக்கரம் நின்றுவிட்டது.

ஏழுமலை குனிந்து பெல்ட்டைக் கழற்றினார். அவர் பம்ப்செட் இன்ஜினோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர். கட்டைவிரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு முழுச் சுற்று வந்தார்.

“இதான் அன்னிக்குப் போட்ட பெல்ட்டா?”

“ஆமா.”

“வெட்டிப் போட்டதா சொன்னீங்களாமே?”

“அதுவும் பொய்.”

அவர் பெல்ட்டைப் பலகையின் மேல் வைத்தார். “பல்லு ஒண்ணும் போவலியே சார். பல்லு போவாத பெல்ட்டக் குத்தம் சொல்லி எட்டு மாசம் எங்க புள்ளயப் பேஜாரு பண்ணிட்டமே.” என் பக்கம் திரும்பி, “அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“திட்டுவீங்கன்னு பயம்.”

“திட்டியிருப்பேன். திட்டிட்டுச் சோறு போட்டிருப்பேன்.”

அலமேலு அம்மாள் கதவருகில் நின்றவர் மெல்ல முன்னால் வந்தார். “அண்ணே, அப்போ நான் கற்பூரம் ஏத்தி அவசரப்படுத்துனதாலதான் வந்துச்சா இது?”

கேட்டுக்கொள்ளுங்கள் தம்பிகளே. தப்பை இறக்கிவைக்க வந்த இடத்திலேயே, அதைத் தூக்கிக்கொள்ள இன்னொருவர் கை நீட்டினார். ‘ஆமாம்மா, அதுவும் ஒரு காரணம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் சுமை பாதி குறைந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. “இல்லம்மா. நீங்க நேரம் சொன்னீங்க. ஆவாதுன்னு சொல்ல வேண்டியது நான். புதன்கெழம வரைக்கும் வண்டி சும்மா நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது” என்றேன்.

கோதண்டம் பலகையின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று சுற்றுவது போல இருந்தது. பிறகு எழுந்து மாப்பிள்ளையிடம் போனார். “மாப்ள, வாங்க, ரோட்டாண்ட போயி ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்.”

மாப்பிள்ளை நகரவில்லை. “டீ அப்புறம் பெரிய மாமா. நீங்க வெச்ச பேரு இருக்குதே, அத மொதல்ல வாபஸ் வாங்குங்க. எல்லாரும் இருக்கும்போதே.”

கோதண்டம் தலையைச் சொறிந்தார். “வாபஸ்” என்றார்.

“சத்தமா.”

“வாபஸ்யா! போஸ்டர் அடிச்சி ஒட்டணுமா?”

மாப்பிள்ளையின் மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அது அவர்கள் வீட்டுச் சிரிப்பு.

ஏழுமலை அன்று எனக்குச் சோறு போட்டார். திட்டவும் செய்தார். அதற்குப் பிறகு அவர் காரை விழுப்புரத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் விடுகிறார். அது நியாயம். போர்வெல், இன்வெர்ட்டர் பற்றியெல்லாம் எனக்குப் போன் வருவதும் நின்றுவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டால் போதும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பலகையோடு போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் வீட்டு வேலை எதுவும் எடுக்கவில்லை. கை நடுங்குகிறது என்று கேட்பவர்களிடம் சொல்லிவந்தேன். கை நன்றாகத்தான் இருக்கிறது. இதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சின்ன விஷயம். நட்டு தளர்வாக விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். நடந்தால் வால்வு வளையும், வால்வு கடையில் கிடைக்கும். அதை அடுத்தவர் பேரில் எழுதினால் வளைவது வேறு ஒன்று. அதற்கு உதிரி பாகம் கிடையாது. சொல்வதானால் அன்றே சொல்லுங்கள். நல்ல பேர் வாங்கிய பிறகு சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். பலகை செய்ய வேண்டி வரும்.

இதை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன் மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். கருவாட்டுக் கடை என்று நினைக்கிறேன். படித்து முடித்துக் காகிதங்களைத் தட்டி அடுக்கினார்.

“சார், அன்னிக்குப் போன்ல பெல்ட்ட வெட்டிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரியும். நல்லா வேல செய்யிறவங்க யாரும் கெட்டுப்போன சாமானத் தூக்கிப் போட மாட்டாங்க. வெச்சிருந்து காட்டுவாங்க.”

“அப்போ ஏன் கேக்கல?”

“மாமனார் வூட்ல மாப்ள சண்ட போட்டு ஜெயிச்சாலும் அது தோத்தமாதிரிதான் சார். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். கொஞ்சம் லேட்டு.”

எட்டு மாதத்தை அவர் ‘கொஞ்சம்’ என்றார். நான் குனிந்து காகிதங்களை வாங்கிக்கொண்டேன். “எதையாவது மாத்தணுமா?” என்று கேட்டேன்.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் மாப்ள மாப்ளன்னே வருது. அது அவங்க வூட்டுல கூப்புடறது. எனக்குப் பேரு இருக்குது சார்.”

நியாயம்தான். முன்னால் போய்த் திருத்தாமல் இங்கேயே எழுதுகிறேன், கண்ணில் படட்டும் என்று. பெல்ட் வாங்கி வந்தவர் பெயர் ஜெயமூர்த்தி. அவர் வாங்கி வந்தது நல்ல பெல்ட். என் தவறு.